தாட்சண்யமும் கண்ணோட்டமும்

தமிழர் மளிகைக் கடைகளில் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு சிறு பலகையை மாட்டி வைப்பது நெடுநாளைய வழக்கம். "கடன் அன்பை முறிக்கும்" என்று அதில் எழுதியிருக்கும். சற்று நகைச்சுவை உணர்வுள்ள கடைக்காரராயின் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதுவார்; மறுநாள் வந்து பார்த்தாலும் பலகை அதையேதான் சொல்லும். இதைக் கண்டு கடைக்காரரைக் கல்நெஞ்சர் என்று எவரும் எண்ணுவதில்லை. உண்மையில் அவர் இளகிய மனத்தவர். கேட்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டால் 'இல்லை' என்று சொல்ல நா எழாது என்பதைத் தாமே அறிந்தவர். ஆதலால்தான், முகம் எதிரே வருமுன்னரே பலகையை அறைந்து வைத்தார். மறுப்பது அவரன்று, பலகை. ஊராருக்கும் உறவினருக்கும் அது ஒரே சொல்லைச் சொல்வதால் கேட்டவருக்கு இழிவில்லை. சொன்னவருக்குக் கூச்சமும் இல்லை.

கடைக்குள் இத்துணை நுட்பமாக நடந்துகொள்ளும் நம்மவர், கடைக்கு வெளியே வந்ததும் அந்நுட்பத்தை மறந்துவிடுகின்றனர். நண்பர் கேட்டார் என்று கையெழுத்திடுகின்றனர். தலைவர் அழைத்தார் என்று உறுப்பினராகின்றனர். மேலாளர் சொன்னார் என்று மகளின் பிறந்தநாளில் வேலைக்குச் செல்கின்றனர். பிறகு இரவில் உறக்கமின்றித் தம்மையே நொந்துகொள்கின்றனர். கேட்டவரை வெறுக்கவும் தொடங்குகின்றனர். பாவம், கேட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

முகத்துக்கு அஞ்சி இணங்கும் இக்குணத்துக்குத் தமிழில் தாட்சண்யம் என்று பெயர். இது வடசொல். வடமொழியில் இணக்கம், பரிவு, நயமான நடத்தை என நல்ல பொருளையே தந்து நின்ற சொல், தமிழில் வழங்கத் தலைப்பட்ட பின் சற்றே சாய்ந்துவிட்டது. "ஏதோ தாட்சண்யத்துக்காக ஒத்துக்கொண்டேன்", "அவனிடம் தாட்சண்யம் பார்க்காதே" என்னும் பேச்சு வழக்குகளில், செய்பவனுக்கு உள்ளத்தில் விருப்பமில்லை என்பதும் சேர்ந்தே ஒலிக்கிறது. 'தாட்சண்யம் தன நாசம்' என்று பழமொழியும் உண்டாயிற்று. இது தமிழருக்கு மட்டும் உரிய நோயன்று. சிங்கப்பூரில் நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் இவ்வுணர்வைச் 'செகான்' என்பர். ஹொக்கியன் சீனர் 'பைசே' என்பர். இப்பிந்திய சொல் இன்று தமிழ் இளைஞர் வாயிலும் தாராளமாகப் புழங்குகிறது.

தாட்சண்யத்துக்கு நிகரான தூய தமிழ்ச்சொல் கண்ணோட்டம் என்று சொல்வாருண்டு. இது பாதி உண்மை. திருக்குறளில் கண்ணோட்டம் 58-ஆம் அதிகாரம். பிறர் அஞ்சும் செயல்களைச் செய்யாமை பற்றிய அதிகாரத்துக்குப் பின்னும், ஒற்றாடலுக்கு முன்னும் அது நிற்கிறது. அறத்துப்பாலில் வைக்கப்படாமல் பொருட்பாலில், அதுவும் அரசனுக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டுதல் நலம். பரிமேலழகர் இவ்வதிகாரத்துக்குப் பொருள் வகுக்கும்போது, தம்மோடு பழகியவரைக் காணுமிடத்து அவர் கூறியவற்றை மறுக்க மாட்டாமையே கண்ணோட்டம் என்கிறார். மறுக்க மாட்டாமை! அவ்வளவில் நிறுத்திவிட்டால் கண்ணோட்டமும் தாட்சண்யமும் ஒன்றே என்றுதான் தோன்றும்.

ஆயின் வள்ளுவர் அவ்வளவில் நிறுத்தவில்லை. அதிகாரத்தின் எட்டாம் குறளில் ஒரு வரம்பு கட்டுகிறார். தன் கடமை கெடாமல் கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரிமை என்பது அதன் கருத்து. அரசனுக்குக் கடமையாவது முறை செய்தல். வேண்டியவன் என்பதற்காகக் குற்றவாளியை விட்டுவிட்டால் அது கண்ணோட்டமாகாது. ஆசிரியனுக்கும், தாய்க்கும், கூலித் தொழிலாளிக்கும் அவரவர் கடமை ஒன்று உண்டு. அது சிதையுமிடத்தில் கண்ணோட்டம் முடிந்து தாட்சண்யம் தொடங்குகிறது. வலியறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளிலும் இதே எச்சரிக்கை வேறு வடிவில் வருகிறது. தனக்குள்ள பொருளின் அளவை எண்ணிப் பாராமல் பிறர்க்கு உதவுகின்றவனுடைய செல்வம் விரைவில் கெடும் என்கிறார். பொருளுக்குச் சொன்னதை நேரத்துக்கும் உடல் வலிமைக்கும் பொருத்திக்கொள்வதில் பிழையில்லை.

இங்கே கற்றறிந்தவர் ஒரு தடை எழுப்பக்கூடும். கண்ணோட்ட அதிகாரத்தின் கடைசிக் குறள், நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் கண்டும் அதனை உண்டு அமைவர் நாகரிகம் விரும்புவோர் என்றன்றோ சொல்கிறது? ஆம். ஆனால் நஞ்சு என்று தெரிந்து உண்பவனுக்கும், கிண்ணத்தில் இருப்பது என்னவென்று பாராமலே வாங்கிக் குடிப்பவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் தேர்ந்து கொடுக்கிறான். பின்னவன் அஞ்சி இணங்குகிறான். அன்றியும், தன் கிண்ணத்தைக் குடிப்பவனைப் பற்றியே அக்குறள் பேசுகிறது. தாட்சண்யக்காரன் வாங்கி வரும் கிண்ணத்தில் அவன் மனைவி மக்களின் பங்கும் கலந்திருக்கிறது. அதைப் பிறர்க்கு ஊட்ட அவனுக்கு உரிமை ஏது?

கையெழுத்தும் கணக்கும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு பஃபலோ சாலைப் பக்கம் வருகிறார் ஒருவர். பழைய நண்பர் எதிர்ப்படுகிறார். காப்பிக் கடையில் அமர்கின்றனர். ஊர்க்கதை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசி முடிந்தபின், "அண்ணே, ஒரு சின்ன உதவி. ஒரு கையெழுத்துத்தான்" என்று பேச்சு வருகிறது. காப்பிக்குக் காசு கொடுத்தவரும் அவரே. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்ல இவருக்கு வாய் வருவதில்லை. சொன்னால் மனைவிக்கு அடங்கியவன் என்று நினைப்பாரே என்ற அச்சம் வேறு.

ஜாமீன் கையெழுத்து என்பது நண்பனின் நல்லொழுக்கத்துக்குத் தரும் சான்றிதழ் என்றே பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. கடன்பட்டவன் கட்டாவிடில் தான் கட்டுவதாகச் செய்யும் ஒப்பந்தம் அது. பெரும்பாலான ஜாமீன் பத்திரங்களில், கடன் கொடுத்தவர் கடனாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. தவணை தவறினால் ஜாமீன்தாரரையே நேரே கேட்கலாம் என்ற விதி எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோர் மிகச் சிலர். நண்பர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பத்திரத்தைப் படிப்பதே அவரை நம்பாதது போல ஆகிவிடும் என்று அதற்கும் ஒரு தாட்சண்யம்!

இக்காலத்தில் கையெழுத்தைவிட எளிதான ஒன்று கேட்கப்படுகிறது. "உன் வங்கிக் கணக்கை இரண்டு நாளுக்குக் கொடு, ஒரு பணம் வரவேண்டியிருக்கிறது" என்றோ, "உன் சிங்பாஸ் வழியாக ஒரு கணக்குத் திறந்து தா" என்றோ, "உன் பெயரில் ஒரு சிம் அட்டை வாங்கித் தா" என்றோ பழகியவர்களே கேட்கின்றனர். கொடுப்பவனுக்குக் கைப்பொருள் எதுவும் செலவில்லை. ஆதலால் மறுக்கக் காரணமும் தோன்றுவதில்லை. ஆனால் மோசடிக் கும்பல்கள் ஏமாற்றிப் பறித்த பணம் இத்தகைய கணக்குகள் வழியாகவே ஓடி மறைகிறது. 2023-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டங்களைத் திருத்தியது. திருத்தங்கள் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தன. குற்றச் செயலுக்குப் பயன்படக்கூடும் என்று ஐயுற இடமிருந்தும் கவனமின்றிக் கணக்கைக் கையளிப்பதும், சிங்பாஸ் மறைச்சொல்லை அவ்வாறு தருவதும் குற்றமாயின. சிம் அட்டைகளைப் பற்றிய விதிகள் 2025 தொடக்கத்தில் நடப்புக்கு வந்தன. "நண்பன் கேட்டான், மறுக்க முடியவில்லை" என்பது இனிப் போதிய விடையாகாது. தமிழாசிரியர்கள் தம் உயர்நிலை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டிய செய்தி இது. ஏனெனில் இளைஞனுக்கு நண்பனின் முகத்தைவிடப் பெரிய சட்டப்புத்தகம் வேறில்லை.

கேட்பவர் அறியாதது

மறுப்பவர் மனத்தில் ஓடுவதை நாம் ஓரளவு அறிவோம். கேட்பவர் மனத்தில் ஓடுவது என்ன? அமெரிக்காவில் பிளின், லேக் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர் சிலரை அழைத்து, முன்பின் அறியாதவரிடம் சென்று வினாத்தாள் ஒன்றை நிரப்பித் தருமாறு கேட்கச் சொன்னார்கள். ஐந்து தாள்கள் நிரம்ப எத்தனை பேரைக் கேட்கவேண்டியிருக்கும் என்று புறப்படுமுன் வினவியபோது, ஏறத்தாழ 20 பேரை என்று மாணவர் மதிப்பிட்டனர். கேட்கவேண்டியிருந்ததோ ஏறத்தாழ 10 பேரை மட்டுமே. கேட்பவர், தாம் கேட்கும் சொல்லுக்கு உள்ள வலிமையைப் பாதியாகவே எடை போடுகிறார். நேருக்கு நேர் நின்று 'முடியாது' என்பது எவ்வளவு கடினம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இதே துறையில் 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. நூலகப் புத்தகத்தில் மையினால் ஒரு சொல்லை எழுதுமாறு முன்பின் தெரியாதவரிடம் கேட்டனர். பொது நூலைப் பாழ்படுத்துவது தவறு என்று தெரிந்தும், தயங்கித் தயங்கி, பாதிக்கு மேற்பட்டோர் எழுதிவிட்டனர். அந்நியன் முகத்துக்கே இத்துணை ஆற்றல் என்றால் அண்ணன் முகத்துக்கு எவ்வளவு இருக்கும்!

இதிலிருந்து விளங்குவது என்னவெனில், தாட்சண்யம் ஒருவருடைய கோழைத்தனம் மட்டுமன்று; இருவருக்கிடையே உண்டாகும் ஒரு மயக்கம். மறுத்தால் உறவே அறுந்துவிடும் என்று ஒருவர் எண்ணுகிறார். வேண்டாமென்றால் சொல்லிவிடுவார்தானே என்று மற்றவர் எண்ணுகிறார். இரண்டும் தவறான கணக்கு. அந்த மயக்கம் நிகழும் நேரத்தில் துணிவை வரவழைத்துக்கொள் என்று அறிவுரை கூறுவது எளிது. பலன் தருவதோ பலகைதான். முகம் வருமுன் வைக்கப்பட்ட வரம்பே முகம் வந்தபின் நிற்கும்.

வலியார் முன்னே மெலியார்

எதிரெதிரே நிற்பவர் சமநிலையில் இருக்கும்போது இவ்வளவு சொல்லலாம். ஒருவர் கையில் மற்றவரின் சோறு இருந்தால்?

தமிழர் கடல் கடந்து வந்த வரலாற்றில் இவ்வினா புதிதன்று. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்க்கும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அம்முறையின்கீழ் வேலை செய்ய மறுப்பது ஒப்பந்த மீறலாக மட்டும் கருதப்படவில்லை. தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. கங்காணி முறையில் சட்டத்தின் பிடி தளர்ந்தது. முகத்தின் பிடி இறுகியது. கங்காணி பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்தே ஆட்களைத் திரட்டி வந்தார். தெரிந்தவராக, சில வேளை உறவினராக இருந்தார். தாம் கொண்டுவந்தவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலோடு படுத்திருப்பவன் எழுந்து வெளிக்கட்டுக்குப் போனால் கங்காணிக்கு ஆதாயம். "மாமா, இன்றைக்கு முடியாது" என்று அவரிடம் எப்படிச் சொல்வது? 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தபோது அம்முறையும் முடிவுற்றது. மூன்று தலைமுறைக்குப் பின்னும் "சரிங்க" என்னும் சொல் நம்மிடையே அத்துணை விரைவாக வருவதற்கு அது ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் பழக்கம் ஒரு நாளில் பிறப்பதில்லை. ஒரு நாளில் இறப்பதுமில்லை.

இன்று சிங்கப்பூர்க் குடும்பங்களில் தங்கி வேலை பார்க்கும் பணிப்பெண்களின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் அவர்களைக் காணலாம். ஒரு காலத்தில் வார ஓய்வுநாள் என்பது அவர்களுக்குச் சட்டத்தில் உறுதி செய்யப்படவில்லை. 2013 சனவரி முதல் நாளிலிருந்து வழங்கப்பட்ட, அல்லது புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு என்று மனிதவள அமைச்சு விதித்தது. எனினும் அவ்விதியில் ஒரு வாயில் திறந்திருந்தது. பணிப்பெண் இசைந்தால், ஓய்வுக்கு ஈடாகக் கூடுதல் சம்பளம் தந்து அன்றும் வேலை வாங்கலாம்.

இசைந்தால்! முழு வினாவும் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. "இந்த ஞாயிறு வீட்டிலே விருந்தாளி வர்றாங்க. நீ வெளியே போகலைன்னா அந்த நாள் காசைக் கொடுத்துடறேன், சரிதானே?" என்று வீட்டு அம்மாள் அன்பாகத்தான் கேட்கிறார். "சரிங்க மேடம்" என்று விடை வருகிறது. கேட்டவர் இதை இசைவு என்று கொள்கிறார். சொன்னவளோ வேறு விடை உண்டு என்பதையே எண்ணிப் பார்க்கவில்லை. அவள் உறங்கும் இடம் அவ்வீடு. அவள் அனுமதிச் சீட்டு அவ்வீட்டாரைச் சார்ந்தது. ஊரில் அவள் அனுப்பும் பணத்துக்குக் காத்திருப்போர் பலர். இப்படிப்பட்டவளிடம் போய், தன்மதிப்போடு மறுக்கக் கற்றுக்கொள் என்று உபதேசிப்பது நீந்தத் தெரியாதவனை ஆற்றில் தள்ளிவிட்டுக் கரையிலிருந்து கைத்தாளம் போடுவதாகும்.

2023 சனவரி முதல் நாள் அந்த வாயிலின் ஒரு பகுதி மூடப்பட்டது. மாதத்துக்கு ஒரு ஓய்வுநாளையேனும் எவ்வளவு பணம் கொடுத்தும் மாற்றிக்கொள்ள இயலாது. இருவரும் இசைந்தாலும் இயலாது. ஒரு நாள்தானா என்று கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவ்விதியின் நுட்பம் எண்ணிக்கையில் இல்லை. மறுக்கும் பாரத்தை அது அப்பெண்ணின் தோளிலிருந்து எடுத்துவிட்டது. விருந்தாளி வரும் ஞாயிறன்று அவள் "முடியாது" என்று சொல்ல வேண்டியதில்லை. "இந்த மாதம் இது ஒன்றுதான் மேடம், விதி அப்படி" என்று சொன்னால் போதும். கடைக்காரரின் பலகை சமையலறையில் மாட்டப்பட்டுவிட்டது.

ஆசிரியர் கைப்பேசி

ஆசிரியர்களுக்கும் அத்தகைய பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு, பள்ளியும் இல்லமும் இணைந்து செயற்படுவதற்கான வழிகாட்டிக் குறிப்புகளைப் புதுப்பித்தது. ஆசிரியர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குத் தரவேண்டியதில்லை. பள்ளி நேரத்துக்குப் பின் வரும் பணி தொடர்பான செய்திகளுக்கு, அவசர நிலையில் அன்றி, மறுமொழி தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. அதற்கு முன்பு எண்ணைக் கொடுத்த ஆசிரியர் நல்லவர், கொடுக்காதவர் கடுமையானவர் என்ற ஒப்பீடு தாய்மார்களிடையே எழுந்துவிடும். தனியொருவராக மறுப்பது எளிதாயிருக்கவில்லை.

விதி வந்துவிட்டதால் தாட்சண்யம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தமிழாசிரியர் நிலை தனிப்பட்டது. சமூகம் சிறியது. மாணவனின் தந்தை கோயிலில் எதிர்ப்படுவார். தாய் கல்யாண வீட்டில் பக்கத்தில் அமர்வார். ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா வந்தால் பேச்சுப் போட்டிக்கு நடுவர், நாடகத்துக்குப் பயிற்சியாளர், மலருக்கு மெய்ப்புத் திருத்துபவர் என ஒருவரையே நான்கு அமைப்பினர் அழைப்பர். "நீங்கள் வராவிட்டால் வேறு யார் டீச்சர்? தமிழுக்காக!" என்பர். தமிழின் பெயரால் கேட்கப்படுவதை மறுப்பதற்குத் தனித் துணிவு வேண்டும். நான்கிற்கும் தலையசைத்த ஆசிரியை திங்கட்கிழமை வகுப்பில் திருத்தாத கட்டுரைகளோடு நிற்பார். கருமம் சிதைவது என்பது இதுதான். அவர் யாருக்குத் தாட்சண்யம் பார்த்தாரோ அவர்களல்லர், முப்பது குழந்தைகளே அதன் விலையைக் கொடுக்கின்றனர். ஆண்டுத் தொடக்கத்திலேயே 'இவ்வாண்டு இரண்டு நிகழ்ச்சிகள்' என்று நாட்குறிப்பில் எழுதி, தலைமையாசிரியருக்கும் தெரிவித்துவிடுவது நல்ல முறை. மூன்றாமவர் வரும்போது மறுப்பது நாட்குறிப்பாக இருக்கும்.

வரம்பைச் சுவராக்கிக்கொள்வாரும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குழந்தை வீடு திரும்பவில்லை என்று பதறி அழைக்கும் தாய்க்கு, நேரம் முடிந்துவிட்டது என்று விடை சொல்வதும் கருமம் சிதைவதே.

மாணவர்க்கு இதை எவ்வாறு கற்பிப்பது? வேண்டுகோள் கடிதம், நன்றிக் கடிதம், பாராட்டுக் கடிதம் ஆகியவற்றை எழுதப் பழக்குகிறோம். மறுப்புக் கடிதம் எழுதப் பழக்குவது அரிது. அதனால் மாணவன் வளர்ந்தபின் அவனிடம் இரண்டு சொற்களே உள்ளன: ஒன்று "சரி", மற்றொன்று "பார்க்கலாம்". இப்பிந்திய சொல் பொல்லாதது. சொன்னவன் மறுத்துவிட்டதாக நினைக்கிறான். கேட்டவன் நம்பிக்கையோடு போகிறான். ஒரு மாதம் கழித்து இருவருக்கும் மனக்கசப்பு.

வாய்மொழிப் பயிற்சிக்கு இதனை எடுத்துக்கொள்ளலாம். மாணவரை இருவர் இருவராகப் பிரித்து ஒருவன் கேட்கட்டும், மற்றவன் மறுக்கட்டும். கேட்கும் பொருள் வாழ்வில் உள்ளதாக இருக்கவேண்டும்: வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதத் தருவது, வங்கி அட்டையை இரவல் கொடுப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நாளில் பந்தாட வருவது. விதிகள் மூன்று போதும். பொய்க் காரணம் சொல்லக்கூடாது, முறைப்பெயர் விடுபடக்கூடாது, விடை இரண்டு வாக்கியத்துக்கு மேல் நீளக்கூடாது. "அண்ணே, வங்கி அட்டையை யாருக்கும் தருவதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பணம் எடுக்க வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன்" என்பது போல. இதில் மறுப்பும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை. முதல் நாளில் மாணவர் சிரிப்பர், பொய்க் காரணம் தேடுவர், தலையைச் சொறிவர். நான்கைந்து முறை சொன்னபின் குரல் நிதானப்படும்.

கேட்கும் வேடத்தில் நிற்பவனுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. "சரி தம்பி, பரவாயில்லை" என்று சொல்லி அவன் விலகவேண்டும். மறுபடியும் கேட்கக்கூடாது; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. மறுப்பவனைவிட இவனுக்கே கூடுதல் பயிற்சி தேவைப்படும். ஆதலின் ஒவ்வொரு மாணவனையும் இரு வேடத்திலும் நிற்கச் செய்வது நன்று.